ரேகை வாங்கிய அரசு, சான்று கேட்கும் அரசு

திருச்சுழி தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பதவிக்கு ரொம்ப வயதில்லை. பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் வேலைகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அதற்குப் பிறகுதான் தேர்வெழுதி எங்களைப் போன்றவர்கள் வந்தோம். நிலக் கணக்குகளான அ-பதிவேடும் அடங்கலும் எங்கள் கைக்கு மாறின. முன்சீப் நாற்காலியின் பழைய கணக்கு ஒன்றும் கூடவே வந்தது. அது வயதானவர்களின் பேச்சில் மட்டும் இருந்தது. “ராத்திரி பேர் கூப்பிடுவாக. கூப்பிட்ட குரலுக்கு ‘இருக்கேன் சாமி’ன்னு சொல்லணும். சொல்லலைன்னா காலையில போலீஸ் வந்துரும்” என்று நரிக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னார். அவருடைய அப்பா காலத்துக் கதை அது.

அப்படிப் பேர் கூப்பிட வைத்தது ஒரு சட்டம். புத்தகங்களில் அது குற்றப்பரம்பரைச் சட்டம். ஊரில் ரேகைச் சட்டம். வெள்ளைக்காரர்கள் 1871-ல் வட இந்தியாவில் தொடங்கியதை 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சாதியைக் குற்றவாளிச் சாதி என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சாதியில் பிறந்த ஆண்கள் பத்து விரல் ரேகையும் வைக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டும். பதிவான ஆள் ஊரில் இல்லையென்றால் உடனே தகவல் சொல்லும் கடமையை அந்தச் சட்டம் ஊர்த் தலைவருக்கும் தலையாரிக்கும் விதித்திருந்தது. அதாவது, எனக்கு முன்னால் என் வேலையைப் பார்த்தவருக்கு.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். மதுரையில் அவர்களுக்காக வாதாடிய மலையாளி வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். எங்கள் தாலுகாவுக்குத் தெற்கே கமுதி, அபிராமம் வட்டாரத்தில் ஆப்பநாட்டு மறவர்கள் மீது இதே சட்டம் பாய்ந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் அரசியல் வாழ்க்கையே பெரும்பாலும் அதை எதிர்த்துத்தான் உருவானது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீங்கியது. இந்தியா முழுவதும் நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. ஆனால் சென்னையில் அது நீங்கிய மறு ஆண்டே, 1948-ல், வழக்கமாகக் குற்றம் செய்பவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய் ஆளின் பெயர் வந்தது. ஆனால் போலீஸ் எந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பழகியிருந்ததோ அதே கதவைத்தான் தொடர்ந்து தட்டியது.

இந்தச் சட்டத்துக்கு முந்தைய கதையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சேதுபதி ஆட்சியிலும் பாளையப்பட்டுகளின் காலத்திலும் இந்தக் கரிசல் ஊர்களுக்குக் காவல்காரர்கள் இருந்தார்கள். அறுவடையில் அவர்களுக்குப் பங்கு உண்டு. களவு போனால் அவர்கள் துப்பு வைத்து மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் கைப்பொருளிலிருந்து ஈடு கட்டவேண்டும். கூலியும் பொறுப்பும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. எல்லா இடத்திலும் அது நேர்மையாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், மிரட்டிக் கூலி வாங்கிய காவலும் இருந்தது. ஆனாலும் அது ஓர் உடன்படிக்கை. 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினியார் ஆயுதங்களைப் பறித்தார்கள், கோட்டைகளை இடித்தார்கள், காவல் உரிமைகளையும் படிப்படியாக எடுத்தார்கள். அந்த வருமானத்தில் வாழ்ந்தவர்களுக்கு மாற்றாக எதுவும் தரப்படவில்லை. நூறு வருஷம் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் குற்றப்பரம்பரை என்று முத்திரை விழுந்தது. உப்பு வண்டி ஓட்டிய குறவர்களுக்கு ரயில் வந்தபோது நடந்ததும் இதே மாதிரிதான். முதலில் பிழைப்பு போனது, பிறகு பெயர் போனது.

உலகத்தின் வேறு மூலைகளில் இப்படிப்பட்ட பழைய பாவங்களை அரசுகள் எப்படிக் கையாள்கின்றன என்று ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். என்னை மிகவும் யோசிக்க வைத்தது நியூசிலாந்து. அங்கே மாவோரிப் பழங்குடியினரும் பிரிட்டிஷ் அரசும் 1840-ல் வைத்தாங்கியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிறகு அரசே அதை மீறியது. 1863-ல் வைக்காட்டோ பகுதியில் படையெடுத்து, 12 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தைப் பறித்தது. 1975-ல் இந்த மீறல்களை விசாரிக்க ஒரு தீர்ப்பாயம் வந்தது. பிறகு நீதி அமைச்சகத்தின் கீழ் உடன்படிக்கைத் தீர்வுகளுக்கென்றே ஓர் அலுவலகம் வந்தது.

அந்த அலுவலகம் வேலை செய்யும் விதத்தை ஒரு கிராம அதிகாரியின் கண்ணோடு படித்தேன். முதல் கேள்வி, அந்த மக்களின் சார்பில் பேச யாருக்கு அதிகாரம் என்பது. அதை அந்த மக்களே கூட்டம் போட்டு வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அமைச்சர் தாமாக ஒருவரைப் பொறுக்கி எடுத்துவிட முடியாது. பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து, என்ன நடந்தது என்ற வரலாற்றை ஒன்றாக எழுதுகின்றன. எந்த ஆண்டில் எந்த நிலம் போனது, யார் செத்தார்கள் என்பதெல்லாம் வரி வரியாகப் பேசி ஒப்புக்கொள்ளப்படுகிறது. அதன் மேல்தான் மன்னிப்பு வருகிறது, அதற்குப் பிறகுதான் பணமும் நிலமும். எல்லாம் எழுதி முடித்ததும் மக்கள் மறுபடி வாக்களிக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் அது நாடாளுமன்றச் சட்டமாகிறது. வைக்காட்டோ மக்களுக்கான சட்டம் 1995-ல் வந்தது. ஈடு 17 கோடி நியூசிலாந்து டாலர். அரசின் மன்னிப்பு அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் இங்கிலாந்து ராணி எலிசபெத் வெலிங்டனுக்கு வந்து தன் கையாலேயே அதில் ஒப்பமிட்டார். பறித்த நிலத்தின் மதிப்போடு பார்த்தால் அந்தத் தொகை சின்னது, அதை அந்த மக்களே சொன்னார்கள். ஆனாலும் அரசு தன் தவறைத் தன் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறது. இனி எந்த அமைச்சர் வந்தும் அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கனடாவிலிருந்து இரண்டு விஷயம். அங்கே பழைய ஒப்பந்தங்கள் பலவற்றின்படி ஆளுக்கு 5 டாலர் இன்றைக்கும் ஆண்டுதோறும் தரப்படுகிறது. காசுக்கு இப்போது மதிப்பில்லை. இருந்தாலும் அரசு அதிகாரிகள் அந்த ஊர்களுக்கே போய், சிவப்புச் சீருடைக் காவலர் பக்கத்தில் நிற்க, ஐந்து டாலர் தாளைக் கையில் கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்னொன்று 2017-ல் அவர்கள் எடுத்த முடிவு. பழங்குடியினருக்கு ஒரே துறை இருந்ததை இரண்டாக்கினார்கள். பள்ளி, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றைப் பார்க்க ஒன்று, உரிமையையும் உடன்படிக்கையையும் பேச மற்றொன்று. அரிசி அளந்து கொடுக்கும் அதிகாரியிடமே உரிமையையும் பேசவேண்டும் என்றால் அந்த மக்களுக்கு வாய் எழாது. தாலுகா அலுவலக வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தவள் நான், அந்தப் பிரிவினையின் அருமை எனக்குப் புரிகிறது.

இனி நம் கதை. அருப்புக்கோட்டைத் தாலுகாவில் வதுவார்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் இருந்த சாதிகளைக் கொண்ட, தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் 68 பெயர்களில் ‘வதுவார்பட்டி குறவர்’ என்றும் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு ஒட்டிய குறவர்கள், ஊர்ப் பெயரோடு ஒட்டிய கள்ளர்கள், இன்னின்ன மாவட்டத்தில் மட்டும் என்ற குறிப்புகள். மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட விதம் அது அல்ல. வட்டாரம் வட்டாரமாக ஆட்களைக் குறித்த பழைய அறிவிப்புகளின் மிச்சம். அந்தப் பட்டியல்தான் இன்றைக்குச் சலுகைக்கு ஆதாரம்.

ஒரு ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை நேரம். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் குடியிருந்த, கூடை முடையும் குடும்பத்து மனிதர் ஒருவர் மகளோடு வந்தார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், அந்தக் குடும்பத்தில் அவள்தான் முதல். சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பாவின் சான்று இல்லை, பள்ளி மாற்றுச் சான்றும் இல்லை, அவர் பள்ளிக்கே போனதில்லை. சொத்துப் பத்திரம் கேட்டால் சொத்தே இல்லை. மேலதிகாரிக்கு அனுப்ப ஏதாவது ஒரு பழைய தாள் வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

“அம்மா, எங்க தாத்தாகிட்ட பத்து விரலையும் உருட்டி ரேகை வாங்கினாகள்ல, அந்த நோட்டு சர்க்கார்கிட்டதான இருக்கும்? அதுல சாதி போட்டுத்தான வாங்கினாக. அதை எடுத்துப் பாத்தா ஆகாதா?”

என்னிடம் பதில் இல்லை. ஊர்க்காரர்கள் நான்கு பேரிடம் விசாரணை செய்து, வாக்குமூலம் எழுதி, என் அறிக்கையோடு அனுப்பினேன். அந்தப் பிள்ளைக்குச் சான்று கிடைத்தது, படித்தாள். ஆனால் அந்தக் கேள்வி நிற்கிறது. தாத்தாவைக் குற்றவாளி ஆக்க அரசுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. பேத்திக்குப் படிப்பு தர ஆதாரம் கேட்கிறது. அந்த ஆதாரத்தை உண்டாக்கியதும் அதே அரசுதான்.

நம் அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பெருங்காமநல்லூருக்குப் பின் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அவற்றின் நோக்கத்தில் கண்காணிப்பும் கலந்திருந்தது, ஆனாலும் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவு கொடுத்தவை அவைதான். 1989-ல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. சீர்மரபினர் நல வாரியம் இருக்கிறது. மத்தியில் இவர்களுக்காக அமைந்த ரென்கே ஆணையம் 2008-ல் அறிக்கை தந்தது, அதற்குப் பிறகு இதாதே ஆணையம். 2019-ல் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் ஒரு வாரியம். 2022-ல் படிப்பு, காப்பீடு, வாழ்வாதாரம், வீடு ஆகிய நான்குக்கும் ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாயில் ‘சீட்’ என்ற திட்டம். இந்தப் பணத்தை நாடு முழுவதற்கும் பகிர்ந்து பாருங்கள். சட்டம் நீங்கியபோது அதன் பிடியில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர் இருந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களின் வாரிசுகள் இன்று எத்தனை மடங்கு!

தமிழ்நாட்டில் 1979-ல் ஓர் அரசாணை இவர்களின் பெயரிலிருந்து ‘பழங்குடியினர்’ என்ற சொல்லை எடுத்தது. 2019-ல் மாநிலச் சலுகைக்கு ஒரு பெயர், மத்தியச் சலுகைக்கு ஒரு பெயர் என்று இரட்டைச் சான்றிதழ் வந்தது. 2024-ல் ஒரே சான்றிதழ் என்று முதலமைச்சர் அறிவித்தார். நாற்பத்தைந்து வருஷப் பேச்சு வார்த்தையும் போராட்டமும் ஒரு தாளின் தலைப்பிலேயே செலவாகிவிட்டன.

68 பெயரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் அந்தப் பட்டியலில் இருக்கும் பெரிய சாதிகளுக்கு நிலம் உண்டு, ஊராட்சியில் பதவி உண்டு, சட்டமன்றத்தில் குரல் உண்டு. தலித் மக்களோடு அவர்களுக்குள்ள உறவில் ஆதிக்கமும் வன்முறையும் கலந்த வரலாறு உண்டு. கல் உடைக்கும் ஒட்டர், கூடை முடையும் குறவர், கரிமூட்டத்தில் வேகும் கூலிகள் ஆகியோரின் குரல் அந்தப் பெரிய குரலுக்கு அடியில் போய்விடுகிறது. நியூசிலாந்தில் ‘யார் பேசுவது’ என்று முதலில் கேட்பது இதற்காகத்தான். நம் வாரியங்களில் உறுப்பினரை அரசு நியமிக்கிறது.

நம் நாட்டில் மன்னிப்பு மாதிரியான ஒரு வார்த்தை சட்டத்தில் ஏறியதே இல்லையா? ஏறியிருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. அதோடு, யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்பதை முதலில் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் அதற்குப் பிறகுதான். நடைமுறையில் வனத்துறை எவ்வளவு இழுத்தடித்தாலும் சட்டத்தின் எலும்பு சரியாக இருக்கிறது. ஒப்புதலும் இருக்கிறது, மக்கள் கையில் முடிவும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே திருவில்லிபுத்தூர் மலைப் பளியர்களுக்கு அந்தச் சட்டம் உண்டு. சமவெளிக் கருவேலங்காட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. 1952-ல் அரசு செய்தது சட்டத்தை நீக்கியது மட்டும். ஏன் நீக்கினோம், யாருக்கு என்ன செய்தோம் என்று எழுதவில்லை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி ஒரு பாடம். 1992 ஜூன் 20 அன்று அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாகப் போய் அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. முப்பத்தொரு வருஷம்! என் துறையைச் சேர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு நெஞ்சு வேகும். அரசு தானாக உட்கார்ந்து பேச மறுத்தால், மக்கள் அதை நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அதற்கு எத்தனை ஊருக்குத் தெம்பு இருக்கும்?

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளையும் கண்டித்து, சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. தொடங்கிய இடம் பதிவேடு என்பதால் சரிசெய்வதும் பதிவேட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அதனால் என் வேண்டுகோள் கிராம சபைகளுக்கு. ஆகஸ்ட் 15 அன்று எல்லா ஊராட்சியிலும் சபை கூடுகிறது. பதினாறு நாள் கழித்து ஆகஸ்ட் 31, சட்டம் நீங்கிய நாள். நரிக்குடி, வீரசோழன், கமுதி, அபிராமம் என்று ரேகைச் சட்டத்தின் நினைவுள்ள ஊர்களிலெல்லாம் ஒரு தீர்மானம் போடுங்கள். நான் ஒரு நகல் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அதில் மூன்று செய்தி இருக்கிறது. எங்கள் ஊரில் யார் யாரிடம் ரேகை வாங்கப்பட்டது என்ற பதிவேடு காவல் நிலையத்திலோ, மாவட்ட அலுவலகத்திலோ, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ இருந்தால் அதன் நகலை ஊராட்சிக்குத் தரவேண்டும், அழிந்துபோயிருந்தால் அழிந்தது என்று எழுத்தில் தரவேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வாரிசு சான்றிதழ் கேட்டு வந்தால், அதையே முதல் ஆதாரமாக வருவாய்த்துறை ஏற்கவேண்டும். மூன்றாவது, அந்தப் பெயர்களை மாவட்ட ஆட்சியர் ஊருக்கு வந்து, சபையின் முன்னால், தன் வாயால் வாசிக்கவேண்டும். இந்த முறை பதில் சொல்லவேண்டியது அரசு.